நேர்முகத் தேர்வு: ஆயத்தமும் ஆவணமும்

முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண், ஒரு கல்வி நிறுவனத்தின் உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்முகத் தேர்வில் கலந்துகொண்டு, ஏழு மாதங்கள் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அறைக்குள் அவர் இருந்தது ஆறேழு நிமிடங்கள். கேட்கப்பட்டவற்றில் பெரும்பகுதி அவருடைய ஊரையும், தங்கிப் படித்த விடுதியையும், தந்தையின் தொழிலையும் பற்றியது. ஆய்வைப் பற்றி ஒரே கேள்வி. தேர்வானோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சாதியால்தான் கழிக்கப்பட்டோம் என்று அவர் உறுதியாக நம்பினார்.

வழக்கறிஞர்கள் கேட்கும் கேள்விகளை நாங்கள் கேட்டோம். தேர்வுக் குழுவில் எத்தனை பேர்? அந்தக் கேள்விகளை எந்த உறுப்பினர், எந்தச் சொற்களில் கேட்டார்? பிறரிடமும் அவை கேட்கப்பட்டனவா? அழைப்பாணை எங்கே? எதற்கும் எழுத்து வடிவில் அவரிடம் விடையில்லை. ஏழு மாதங்களில் நினைவும் மங்கியிருந்தது. இறுதியாக, "ஆய்வைப் பற்றிய அந்த ஒரு கேள்விக்கு என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரியாகச் சொல்லவில்லை. அதற்குள் மனம் உடைந்திருந்தது" என்றார்.

அவர் சாதியால் கழிக்கப்பட்டாரா, அந்த ஒரு விடையால் கழிக்கப்பட்டாரா என்பதை எங்களால் உறுதிபடச் சொல்ல இயலவில்லை. முதலில் வந்த கேள்விகளே பின்னால் வந்த விடையைக் குலைத்தன என்று உணர்ந்தோம். உணர்ந்ததை மெய்ப்பிக்க ஒரு தாளும் இல்லை. நேர்முகத் தேர்வில் பாகுபாடும் ஆயத்தக் குறைவும் ஒன்றன் நிழலில் மற்றொன்று மறைந்துகொள்கின்றன. ஆகவே அந்த அறைக்குள் நுழையும் தலித் இளைஞருக்கு இரண்டு வேலைகள் உள்ளன. பிறர் குறை சொல்ல இடமில்லாதபடி ஆயத்தமாவது ஒன்று. நடந்ததை ஆவணப்படுத்துவது மற்றொன்று. உரிமை இருக்கிறது என்று ஆயத்தத்தைக் கைவிடுவதும், நன்றாகப் பேசினால் போதும் என்று உரிமையைக் கைவிடுவதும் ஒரே அளவு தவறு. இக்கட்டுரை இரண்டையும் சேர்த்தே பேசுகிறது.

சில மதிப்பெண்களின் எடை

குடிமைப் பணித் தேர்வில் முதன்மை எழுத்துத் தாள்களுக்கு 1750 மதிப்பெண்கள், ஆளுமைத் தேர்வுக்கு 275. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வில் எழுத்துத் தாள்களுக்கு 750, நேர்முகத் தேர்வுக்கு 100. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் எழுத்துத் தேர்வைத் தாண்டி வந்தவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் சில மதிப்பெண்களே. பதவியையும் தரவரிசையையும் அந்தச் சில மதிப்பெண்களே தீர்மானிக்கின்றன.

பல்கலைக்கழகங்களில் நிலைமை இன்னும் கூர்மையானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்குக் கல்வி மதிப்பெண்கள் நேர்முகத்துக்கு அழைப்பதற்கு மட்டுமே பயன்படும். இறுதித் தேர்வு நேர்முகத்தில் காட்டும் திறனை மட்டுமே கொண்டு நடைபெறும். பத்தாண்டு உழைப்பு பத்து நிமிட உரையாடலில் எடைபோடப்படுகிறது. ஒதுக்கீட்டு இடங்களுக்கு எதிரே 'தகுதியானவர் எவருமில்லை' என்று எழுதி, அவற்றை நிரப்பாமல் விடும் வழக்கம் வேர்விட்டதும் இந்த இடத்தில்தான்.

மற்றொரு கணக்கும் உண்டு. ஆர். கே. சபர்வால் வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதி விண்ணப்பதாரர் தம் சொந்த மதிப்பெண்ணால் பொதுப் போட்டியில் தேர்வானால் அவரை ஒதுக்கீட்டு எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. எழுத்துத் தேர்வில் பொதுப் பட்டியலுக்குள் வரக்கூடிய ஒருவருக்கு நேர்முகத்தில் மதிப்பெண் குறைக்கப்பட்டால், அவர் ஒதுக்கீட்டுப் பட்டியலுக்குத் தள்ளப்படுகிறார். வேலை அவருக்குக் கிடைத்துவிடும். ஒதுக்கீட்டின் கடைசி இடத்தில் நிற்கும் மற்றொரு தலித் இளைஞரின் வேலையோ பறிபோகும். பெற்றவருக்கும் இழந்தவருக்கும் இது நடந்ததே தெரியாது. நேர்முகத்தில் கூடுதலாகப் பெறும் ஐந்து மதிப்பெண்கள் நம் ஒருவருக்கானவை மட்டுமல்ல என்று நாங்கள் மாணவர்களிடம் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்த ஆபத்தை நீதிமன்றங்கள் அறியாதவை அல்ல. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்றிருந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களே ஒதுக்கி, பெற்றோரையும் வசிப்பிடத்தையும் பற்றிக் கேட்டு அனுப்பினார்கள் என்று மாணவர்கள் முறையிட்டனர். 1980 நவம்பரில் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றும், உரையாடலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் கூறியது. அரசுப் பணி நியமனங்களுக்கு இந்த உச்சவரம்பு அப்படியே பொருந்துவதில்லை. பணியின் தன்மைக்கேற்ப அளவு மாறலாம் என்று பின்வந்த தீர்ப்புகள் ஏற்றன. மத்திய அரசு, 2016 ஜனவரி 1 முதல் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வையே நீக்கியது. கீழ்நிலைப் பணிகளில் நீக்கப்பட்ட அம்முறை அதிகாரம் மிகுந்த பணிகளில் நீடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெயரில் இல்லாத சாதி

தனியார் துறைக்கு வருவோம். சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோர் 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் வெளியிட்ட ஆய்வு நம்மில் பலர் அறிந்தது. நாளிதழ் விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை ஆதிக்கச் சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் அனுப்பினார்கள். ஆதிக்கச் சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெருநிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் உரையாடினர். தகுதி ஒன்றே அளவுகோல் என்று சொன்ன அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் 'குடும்பப் பின்னணி' முக்கியம் என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவர்கள் கருதவில்லை.

தமிழ்நாட்டில் சாதிப் பெயரைப் பின்னொட்டாகச் சுமப்பதை நாம் பெருமளவு ஒழித்துவிட்டோம். தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே முன்னால் நிற்கிறது. ஆகவே இங்கே சாதியைத் தேடும் கேள்வி வேறு பாதையில் வருகிறது. சொந்த ஊர் எது? ஊருக்குள்ளா, வெளியிலா? எந்தத் தெரு? எந்தப் பள்ளி? விடுதி என்றால் எந்த விடுதி? 'ஆதிதிராவிடர் நலப் பள்ளி' என்ற பெயரும் முகவரியில் இருக்கும் 'காலனி' என்ற சொல்லும் பின்னொட்டின் வேலையைச் செய்துவிடுகின்றன. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது இச்சொல்லின் எடையை உணர்த்தும்.

அஸ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் தில்லியில் பல்கலைக்கழக மாணவர்களிடையே நடத்திய ஆய்விலும் இது தெரிகிறது. குடும்பத்தைப் பற்றிய கேள்வியைப் பிற மாணவர்கள் இயல்பான அறிமுகமாக எடுத்துக்கொண்டனர். தலித் மாணவர்களுக்கு அதுவே தங்களை அளக்கும் கோலாகத் தோன்றியது. அவர்கள் கூச்ச சுபாவம் கொண்டவர்கள் என்பதல்ல காரணம். அந்தக் கேள்வி தம்மை எங்கே கொண்டுசெல்லும் என்று அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள்.

வழக்குக் கட்டைப் போல ஆயத்தம்

நீதிமன்றம் செல்லும் முன் வழக்கறிஞர் கட்டைப் படிக்கிறார். எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்று கணிக்கிறார். ஒவ்வொரு வாதத்துக்கும் சான்று தேடுகிறார். நேர்முகத்துக்கான ஆயத்தமும் இதுவே.

முதலில், பணி அறிவிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கூறப்பட்டுள்ள கடமைகளையும் தகுதிகளையும் ஒரு தாளின் இடப்பக்கம் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக வலப்பக்கத்தில் உங்கள் வாழ்விலிருந்து ஒரு சான்றை எழுதுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இங்கே திகைத்து நிற்பார்கள். 'குழுவை வழிநடத்திய அனுபவம்' என்ற வரிக்கு எதிரே ஒரு மாணவி வெற்றிடம் விட்டிருந்தார். விடுமுறைகளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோதுதான், நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தது தெரிந்தது. நாற்பது பேரின் வருகையை நாள்தோறும் கைப்பேசிச் செயலியில் ஏற்றியவர். அலைவரிசை கிடைக்காத நாளில் ஒருவர் கூலியும் விடுபடாமல் அதிகாரிகளிடம் பேசிச் சரிசெய்தவர். அதை அனுபவம் என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறும் குழுவை நடத்தியதும், விடுதி உணவு குறித்து மனு எழுதிப் பேச்சுவார்த்தைக்குப் போனதும் அனுபவமே. கூலி வேலை என்பதால் அது தகுதி ஆகாது என்று நமக்குள் புகுத்தப்பட்ட எண்ணத்தை முதலில் அகற்ற வேண்டும்.

இப்படிப்பட்ட ஐந்து நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் நான்கு படிகளில் சொல்லிப் பழகுங்கள்: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன. இரண்டு நிமிடங்களுக்கு மேல் போகக் கூடாது. 'நான் கடின உழைப்பாளி' என்பது வெறும் கூற்று. நாற்பது பேரின் கூலியைக் காப்பாற்றியது சான்று. தேர்வுக் குழு நினைவில் வைத்துக்கொள்வது சான்றையே.

இரண்டாவதாக, உங்கள் விண்ணப்பத்தை எதிரியின் கண்ணோடு படியுங்கள். அதில் எழுதியுள்ள ஒவ்வொரு சொல்லும் கேள்வியாக மாறக்கூடியது. பொழுதுபோக்கு 'வாசிப்பு' என்றால், கடைசியாக வாசித்த நூல் எது, அதில் எங்கே முரண்படுகிறீர்கள்? படிப்பில் ஓராண்டு இடைவெளி இருந்தால் அதற்கான விடை ஒரே வாக்கியத்தில் தயாராக இருக்க வேண்டும். ஆய்வு மாணவர்கள் தம் ஆய்வை ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடங்களிலும் சொல்லப் பழக வேண்டும். குழு கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற முதல் கேள்வியிலேயே ஆய்வின் மையக் கருத்தை வைத்துவிடலாம்.

மூன்றாவதாக, நிறுவனத்தை அறிந்துகொள்ளுங்கள். அரசுத் துறையெனில், மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு துறையின் இணையதளத்தில் கிடைக்கும். அதைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள வேறுபாடு முதல் இரண்டு விடைகளிலேயே தெரிந்துவிடும். தனியார் நிறுவனமெனில் அதன் தொழில், வாடிக்கையாளர், அண்மை மாற்றங்கள் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவதாக, சான்றிதழ்கள். மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரும் முதலெழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று அழைப்பு வருவதற்கு முன்பே பாருங்கள். மத்திய அரசுப் பணிக்கு அறிவிக்கையில் தரப்பட்ட படிவத்திலேயே சாதிச் சான்றிதழ் கேட்கப்படும். கடைசி வாரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தால் ஆயத்தத்துக்கான நாட்கள் அங்கேயே கழியும். மத்திய அரசு நிறுவனங்களும் பொதுத்துறை வங்கிகளும் நேர்முகத்துக்கு வரும் பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களுக்குப் பயணச் செலவைத் திருப்பித் தருவதுண்டு. அழைப்பாணையில் அந்தப் பத்தி இருக்கிறதா என்று பார்த்து, பயணச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அது சலுகை அல்ல; கேட்டுப் பெற வேண்டியது.

ஐந்தாவதாக, ஒத்திகை. மூன்று நாற்காலிகள், ஒரு மேசை, ஒளிப்பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும். கேட்பவர்களில் ஒருவராவது உங்களை முன்பின் அறியாதவராக இருக்கட்டும். ஐந்து முறையாவது செய்யுங்கள். முதல் பதிவைப் பார்ப்பது வேதனை தரும். பார்த்தே ஆக வேண்டும். விரைந்து பேசுகிறோமா, வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறோமா, ஒரே உறுப்பினரை மட்டும் பார்க்கிறோமா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

ஆங்கிலம் குறித்த அச்சம் நம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அரசுத் தேர்வெனில் மொழி விதியை முதலில் படியுங்கள். குடிமைப் பணியின் ஆளுமைத் தேர்வைத் தமிழில் எதிர்கொள்ளவும் விதிகளில் வழியுண்டு. உரிய கட்டத்தில் விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமெனில் சிறிய வாக்கியங்களில் பேசுங்கள். பிறர் உச்சரிப்பைப் போலச் செய்ய முயல வேண்டாம். உங்கள் ஐந்து நிகழ்வுகளையும் ஆங்கிலத்தில் எழுதி, உரக்கச் சொல்லிப் பழகினால் பெரும்பாலான கேள்விகளுக்குத் தேவையான சொற்கள் கைவசமாகிவிடும்.

கடினமான கேள்விகளுக்கு முன்

'அப்பா என்ன செய்கிறார்?' இக்கேள்வியைத் தடுக்க முடியாது. விடையை நாம் தேர்ந்தெடுக்கலாம். "அப்பா மாநகராட்சித் தூய்மைப் பணியாளர், சார். அம்மா கட்டட வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்." இவ்வளவே போதும். குரல் தாழாமல், விளக்கம் சேர்க்காமல், மன்னிப்புக் கேட்கும் தொனியின்றிச் சொல்ல வேண்டும். குடும்பத்தின் துயரத்தைக் காட்சிப்படுத்த வேண்டிய கடமை நமக்கில்லை. பணிக்குத் தொடர்பு உண்டெனில் ஒரு வாக்கியம் சேர்க்கலாம்: "நகரக் கழிவு மேலாண்மையை நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்." இவ்வாக்கியம் உரையாடலை மீண்டும் நம் துறைக்குள் கொண்டுவந்துவிடும்.

'எந்தத் தெரு, எந்தப் பக்கம்?' என்று தோண்டினால், ஊரின் பெயரையும் வட்டத்தையும் சொல்லிவிட்டு, அவ்வூரின் பாசனத்தையோ தொழிலையோ கல்வி நிலையையோ பற்றி ஒரு செய்தி சொல்லுங்கள். மீண்டும் அதையே கேட்டால், "அது இந்தப் பணிக்கு எவ்வகையில் தொடர்புடையது என்று தெரிந்தால் அதற்கேற்ப விடை சொல்கிறேன், சார்" என்று பணிவாகக் கேட்கலாம். அதை எப்போது சொல்வது, சொல்லாமல் கடப்பது என்பது அவரவர் முடிவு. எதைத் தேர்ந்தாலும் அது கோழைத்தனமாகாது.

'இடஒதுக்கீட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' இது பொதுநிர்வாகக் கேள்வியாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே விடை பொருந்தும். அரசமைப்புச் சட்டத்தின் 16(4) உறுப்பு போதிய பிரதிநிதித்துவம் இல்லாத வகுப்பினருக்காகப் பேசுகிறது. இடஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டம் அன்று, அதிகாரத்தில் பங்கு பற்றியது. இந்தத் துறையில் அப்பங்கு ஏன் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுங்கள். நீண்ட விவாதம் அவர்கள் விரிக்கும் களமாகிவிடும். 'ஒதுக்கீட்டில் வந்தவரா நீங்கள்?' என்று நேரடியாகக் கேட்டால், "எனக்குச் சட்டம் அளித்த தகுதியில் விண்ணப்பித்திருக்கிறேன், எழுத்துத் தேர்வில் என் மதிப்பெண் உங்கள் முன் இருக்கிறது" என்று சொல்லலாம்.

பெண்களுக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. திருமணம் எப்போது, பிறகு வேலையில் நீடிப்பீர்களா? "இப்பணியில் நீண்டகாலம் இருக்கவே வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குச் செல்லும்படி நிறுத்திவிடுங்கள்.

இவ்விடைகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. முதல் முறையாக இக்கேள்விகளை அந்த அறைக்குள் கேட்கக் கூடாது என்பதே நோக்கம். ஒத்திகையில் பத்து முறை கேட்டுவிட்டால், பதினோராவது முறை அந்தக் கேள்வி நம் ஆய்வைப் பற்றிய விடையைக் குலைக்காது.

அறைக்குள் கடைப்பிடிக்க வேண்டியவை சில. கேள்வி முழுவதும் முடியும் வரை கேளுங்கள். புரியவில்லையெனில் திரும்பக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்; ஊகித்துச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட அது மதிப்பானது. உடை தூய்மையாகவும் இயல்பாகவும் இருந்தால் போதும், கடன் வாங்கிப் புதுக்கோட்டு தைக்க வேண்டியதில்லை. நிறைவில் 'ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?' என்றால், பணியின் முதல் ஆண்டுப் பொறுப்புகளைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்றிரவே எழுதுங்கள்

வெளியே வந்ததும், அன்றிரவு உறங்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள். நாள், உள்ளே சென்ற நேரம், வெளியே வந்த நேரம், உறுப்பினர் எண்ணிக்கை, தெரிந்தால் பெயர்கள் அல்லது அமர்ந்திருந்த வரிசை, கேட்ட கேள்விகள் அதே சொற்களில், நீங்கள் அளித்த விடைகள். பிறகு அதை உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். எழுதிய நாளும் நேரமும் அதில் பதிந்துவிடும். அறிவிக்கை, அழைப்பாணை, நுழைவுச் சீட்டு ஆகியவற்றின் படிகளையும் அதே உறையில் வையுங்கள். காத்திருப்புக் கூடத்தில் சந்தித்த இருவரின் தொடர்பு எண்ணைப் பெற்றிருந்தால், அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதையும் அறியலாம். வேலை கிடைத்துவிட்டால் இத்தாள் அடுத்த ஆண்டு மாணவருக்குப் பாடநூல். கிடைக்காவிட்டால் ஆவணம்.

நேர்முகத்தில் பெற்ற மதிப்பெண் அறிவிக்கப்படவில்லையெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும். விண்ணப்பதாரருக்கு அவருடைய விடைத்தாள், நேர்முக மதிப்பெண் விவரங்களைத் தர வேண்டும் என்றும், தேர்வாளரின் பெயரைத் தர வேண்டியதில்லை என்றும் கேரளப் பணியாளர் தேர்வாணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

சட்டம் எதுவரை துணை நிற்கும்

பொய்யான நம்பிக்கை தருவது எங்கள் தொழில் அன்று. ஆகவே வரம்புகளையும் சொல்லிவிடுகிறோம்.

தேர்வு முறையில் குறையிருந்தால் முன்கூட்டியே எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். எதிர்ப்பின்றிப் பங்கேற்றுத் தோற்றவர் பின்னர் அம்முறையையே கேள்விக்குள்ளாக்க இயலாது என்பது மதன்லால் வழக்கு (1995) முதல் நிலைத்த கொள்கை. மீத்தா சகாய் வழக்கில் (2019) இதற்கு ஒரு விலக்குக் கிடைத்தது: முறைக்கு ஒப்புக்கொண்டவர், அதிலுள்ள சட்டமீறலுக்கும் ஒப்புக்கொண்டவர் ஆகார். தேர்வு தொடங்கிய பின் விதிகளை இடையில் மாற்றக் கூடாது என்று, விதிகளே இடமளித்தால் ஒழிய, அரசமைப்பு ஆயம் 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியது. நீதிப்பேராணை மனுவைத் தாமதமின்றித் தாக்கல் செய்ய வேண்டும்; ஏழு மாதம் என்பது நீண்ட காலம்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பிரிவு 3(1)இன் (r), (s) உட்பிரிவுகள் பொருந்த, செயல் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். மூடிய அறை அவ்வகையில் சேராது என்று நீதிமன்றங்கள் கூறிவருகின்றன. 2025 ஜனவரியில், திருச்சி மாவட்டத்தில் அரசு அலுவலக அறைக்குள் நடந்ததாகக் கூறப்பட்ட ஒரு நிகழ்வின் வழக்கும் இதே காரணத்தால் உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. ஆனால் அதே சட்டத்தின் 3(1)(za)(E) உட்பிரிவு, பிறருக்குத் திறந்திருக்கும் வேலைவாய்ப்பில் நம்மைத் தடுப்பதைத் தண்டிக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் வேலை மறுப்பதைக் குற்றமாக்குகிறது. அச்சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கு எதிராகச் செயல் நிகழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டால் அது தீண்டாமையால் நிகழ்ந்தது என்றே நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். இல்லையென்று நிறுவுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. இச்சட்டங்கள் தனியாருக்கும் பொருந்தும். அரிதாகவே பயன்படுத்தப்படும் இப்பிரிவுகளை உயிர்ப்பிக்க வழக்கு வேண்டும். வழக்குக்கு அன்றிரவு எழுதிய அந்த ஒரு பக்கம் வேண்டும். தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திலும், தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையத்திலும் முறையிடலாம். அங்கும் முதலில் கேட்பது ஆவணத்தைத்தான்.

நாம் கேட்க வேண்டியது

தனியாளின் ஆயத்தத்தால் அமைப்பின் குறை தீராது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுச் சேர்க்கைக்கான மதிப்பெண்களை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் இடையே சமூகப் பிரிவுகள்தோறும் தொடர்ந்து வேறுபாடு இருப்பதைக் கண்டு, வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. இத்தகைய ஆய்வை ஒவ்வொரு தேர்வாணையமும் பல்கலைக்கழகமும் தம் மதிப்பெண்களைக் கொண்டு நடத்த வேண்டும். நேர்முகங்கள் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். அனைவருக்கும் பொதுவான கேள்விகளின் தொகுப்பு இருக்க வேண்டும். குழுவில் நம் பிரதிநிதி பெயரளவுக்கு அல்லாமல் மதிப்பெண் இடும் உரிமையோடு அமர வேண்டும். 'தகுதியானவர் எவருமில்லை' என்று எழுதினால் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுத வேண்டும். மாணவர் அமைப்புகள் இவற்றைக் கோரிக்கைகளாக முன்வைக்க வேண்டிய காலம் இது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். ஒவ்வொரு விடுதியிலும் மாதத்தில் ஒரு ஞாயிறு, மூன்று நாற்காலிகள். வேலையில் சேர்ந்துவிட்ட அண்ணன்களும் அக்காக்களும் அதில் வந்து அமர வேண்டும். எங்களிடம் வந்த அந்தப் பெண்ணுக்காக நாங்கள் வழக்குத் தொடுக்க இயலவில்லை. அவர் இப்போது எங்கள் ஒத்திகைக் குழுவின் நடு நாற்காலியில் அமர்கிறார். "சொந்த ஊர் எது?" என்று அவரே முதலில் கேட்கிறார். மாணவர் தடுமாறினால் நிறுத்தி, மறுபடியும் கேட்கிறார். அடுத்த நேர்முகத்துக்கு அவரும் விண்ணப்பித்திருக்கிறார். அவருடைய பையில் இம்முறை ஒரு குறிப்பேடு இருக்கிறது.